கொசுறுப் பூ

மல்லிகை மொட்டை ஊசியில் கோக்கும்போது காம்போரத்தில்தான் குத்த வேண்டும், நடுவில் குத்தினால் கொஞ்ச நேரத்திலேயே பழுப்பேறிவிடும் என்பதை ஆவுடையம்மாள் முந்தின நாள் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். எதையும் படித்துவிட்டுச் செய்கிறவள் அவள். சாம்பாரைப் புத்தகம் பார்த்துக் கற்றாள். நீச்சலையும் புத்தகம் பார்த்தே கற்றாள், அதனால் இன்றுவரை நீந்தத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவளுக்கு, நூலின் இழுவிசை இவ்வளவு, மொட்டின் எடை இவ்வளவு என்று யோசிக்காமல் ஒரு பூவைக்கூடத் தைக்க முடியவில்லை. யோசித்துத் தைத்ததில் ஏற்கெனவே ஒரு கைப்பிடி மொட்டு வீணாகி, காலடியில் கிடந்தது. அவளுக்கு முன்னால் முக்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு, மகள் தர்ஷினி. இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் பள்ளி ஆண்டுவிழா. கும்மியில் இரண்டாவது வரிசை, இடது ஓரம் அவள் இடம். ஆடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் பூச்சடை கட்டாயம் என்று டான்ஸ் மிஸ் சொல்லிவிட்டார். பின்னலுக்கு அடியில் வாழைமட்டையை நீளமாகக் கீறி வைத்துக் கட்டி, மேலே மொட்டுகளை வரிசை வரிசையாகப் பரப்பி, பின்னலோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே இறங்க வேண்டும். பியூட்டி பார்லரில் தைத்த சடையே கிடைக்கும், மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. கணவன் சங்கரலிங்கம் அதைத்தான் சொன்னான். "நானே தைக்கேன், மல்லி வாங்கிட்டு வாங்க" என்றாள் இவள். மூன்று வருஷத்துக்கு மேலாக மல்லிகையை வீட்டுக்குள் விடாதவள் இப்படிச் சொன்னதும் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பூவை வாங்கி வந்து வைத்துவிட்டு, ஆட்டத்துக்கான பாவாடையை வாடகைக் கடையிலிருந்து எடுத்துவர இப்போது மறுபடியும் போயிருக்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். மின்விசிறி போட்டால் மொட்டு விரிந்துவிடும் என்று அதையும் நிறுத்தியாகிவிட்டது. தொணதொணவென்று பேசுகிற பிள்ளை காலையிலிருந்து அவளிடம் "உம்" தவிர வேறு சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பின்மண்டையை, நடுவகிட்டை, கழுத்தில் ஒட்டியிருந்த பூனைமுடியை ஆவுடை பார்த்துக்கொண்டே தைத்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது இந்த வேலையில் ஒரு சௌகரியம்.

காலையில் அடுக்களைக்குள் போனபோது, தர்ஷினி ஒரு டம்ளர் பாலைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். சாய்த்ததோடு விடாமல் குழாயை மெல்லத் திறந்து, வெள்ளை தெரியாதபடி விரலால் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவனத்தைப் பார்த்ததும்தான் ஆவுடைக்கு ஏறியது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது பரவாயில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அடி ஆறிவிடும். அதற்குப் பிறகு வாய் சொன்னது: "எல்லாம் உன்னாலதான்ட்டி, உன்னாலதான்!" பிள்ளை அழவில்லை. குழாயை மூடிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். என்ன உன்னாலதான்? பால் வீணானதா? பள்ளிக்குக் கிளம்ப நேரமானதா? அன்றைக்குத்தான் விடுமுறை ஆயிற்றே. சொன்னவளுக்கு எதைச் சொன்னோம் என்று தெரியும். கேட்டவளுக்குத் தெரிந்ததா என்பதுதான் காலையிலிருந்து ஆவுடையைக் குடைந்தது. அந்தச் சொல் பிள்ளைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? பாலோடு நின்றுவிட்டதா, அடுத்த அறைக்கும் போய்விட்டதா? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கேட்கிற கேள்வியே பிள்ளைக்குத் தெரியாததைத் தெரியவைத்துவிடும். அளக்கப் போனால் அளக்கப்படுகிற பொருளே மாறிவிடுகிற சங்கடம் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும்தான் உண்டு என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள்.

இந்தக் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க அவளுக்கு ஓர் ஆசை, ஓடாத கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளின் ஆசை. வயிற்றிலிருந்து என்று எல்லாரும் சொல்கிறார்கள். இவளுக்கு இடது தோளில் ஆரம்பிக்கும். தோளில் ஒரு சூடு, பிறகு காது, பிறகு கை. வாய் கடைசி. கை அடித்து ஓய்ந்த பிறகும், சுவிட்சை அணைத்த பிறகு சுற்றுகிற மின்விசிறியைப் போல வாய் தன்பாட்டில் ஓடும். வகுப்பில் இப்படி வந்ததில்லை. நாற்பது பெண்கள் சேர்ந்து படுத்துகிற பாட்டில் வராத கோபம் வீட்டில் ஒரு சாக்ஸுக்கு வருகிறது, ஒரு பென்சில் சீவலுக்கு வருகிறது. பனிக்கட்டி உருகும் நேரத்தில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் வெப்பமானி ஏறாது, கொடுத்ததெல்லாம் எங்கே போச்சு மிஸ் என்று வருஷா வருஷம் ஒரு பெண்ணாவது கேட்பாள். உள்ளே இருக்கு, அதுக்குப் பேர் உள்ளுறை வெப்பம் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவாள். பலகையில் எழுதுவது சுலபம். ஒரு டம்ளர் பாலுக்கா இவ்வளவு என்று கேட்டால், ஆமாம், பாலுக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க மனநல நிபுணர் எதற்கு, அந்த நாற்பது பெண்களில் கடைசி பெஞ்சுப் பெண்ணே சொல்லிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாசம் முடியப்போகிற சமயம், ஐப்பசி அடைமழை. துடிப்பு இல்லை என்றார்கள். பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பெற்றாள். பெண் என்றார்கள். பார்க்க வேண்டாம், பார்த்தால் மனசில் நின்றுவிடும் என்றார்கள். பார்க்காததும் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. பிரசவத்தைப் பற்றி அவள் வாங்கிப் படித்திருந்த புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் இருந்தது, வேண்டாத அத்தியாயம் என்று தாண்டிப் போயிருந்தாள். அதனால் மார் கட்டிக்கொண்டு பால் வந்தபோது திகைத்துப்போனாள். எல்லாருக்கும் தகவல் சொல்லியிருந்தார்கள், அவள் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். வார்டு ஆயா சீட்டைப் பார்த்துவிட்டு, "இது தலையச் சுத்தும் தாயி. மல்லியப்பூவ வச்சுக் கட்டு, தன்னால வத்திரும்" என்றாள். காலையும் மாலையும் சங்கரலிங்கம் பூ வாங்கி வந்தான். ஆயா அதைச் சுருட்டி மார்மேல் வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டுவாள். உடம்புச் சூட்டில் பூ வெந்துபோகும். வெந்த மல்லிகையும் புளித்த பாலும் சேர்ந்த அந்த மணத்துக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஆயா சொன்னபடியே வற்றியது. பிற்பாடு இதை யாரோ முறையாக ஆராய்ந்து, மாத்திரைக்குச் சமமாகப் பூ வேலை செய்கிறது என்று எழுதியிருப்பதைப் படித்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது, திருப்தியாக இருந்ததற்காகத் தன்மேல் எரிச்சலும் வந்தது. இந்த ஊரில் எல்லாச் சாவுக்கும் ஒரு முறை உண்டு. யார் கொள்ளி வைப்பது, யார் மொட்டை போடுவது, யார் வீட்டிலிருந்து முதல் நாள் சாப்பாடு வருவது என்று எல்லாம் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். பிறக்கும்போதே இறந்ததற்கு ஒன்றும் கிடையாது. தீட்டு இல்லை, பதினாறு இல்லை, மாலை போட்ட படம் இல்லை, பெயரே இல்லை. சங்கரலிங்கம் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், "ஒண்ணு இருக்குல்லா, அதப் பாத்து மனசத் தேத்திக்கோ" என்றார்கள். அந்த ஒன்றைப் பார்த்தால்தான் அவளுக்குத் தோள் சுட்டது.

"எம்மா, இழுக்காத."

முதல் பேச்சு. ஆவுடை நூலைத் தளர்த்தினாள். "வலிக்காட்டி?"

"உம்."

மறுபடியும் உம். ஒரு வரிசை மல்லி, ஒரு வரிசை கனகாம்பரம், நடுவில் மரிக்கொழுந்து. தலையிலிருந்து கழுத்துவரை வந்தாகிவிட்டது, இனி முதுகு. அந்த முதுகைத்தான் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு என்றால் துடிப்பு நின்றதாகச் சொன்னதற்கு முந்தின நாள். தர்ஷினிக்கு அப்போது நாலு வயது, எல்கேஜி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கால் வலிக்கு, நடக்க மாட்டேன் என்று பிள்ளை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பையை ஒரு தோளில், குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள். பை தொங்கியது இடது தோளில். அடடே, தோள்! இவ்வளவு நாளாகத் தேடிய இடம் இதுதானா? இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட உண்டாயிற்று, ஊசியை அந்தரத்தில் நிறுத்தி யோசித்தாள். தூக்கியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார், நஞ்சுக்கொடியில் கோளாறு என்று படம் போட்டுக் காட்டினார். அவளுக்கும் தெரியும். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது, சேவல் கூவுவதால் சூரியன் வருவதில்லை என்று வகுப்பில் சொல்கிறவளே அவள்தான். அறிவு அப்படிச் சொல்லும்போதெல்லாம் தோள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அறிவு நகர்ந்ததும், இந்தப் பிள்ளை நடந்து வந்திருக்கலாம் என்று சொல்லும். ஒரே ஒரு தடவை அதை வாய்விட்டு, சங்கரலிங்கத்திடம், படுத்த பிறகு இருட்டில் சொன்னாள். "அவ மட்டும் நடந்து வந்திருந்தா." மகள் நடுவில் படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தார்கள்.

மொட்டு குறைகிறதோ என்று சந்தேகம் வந்தது. வாழை இலையில் ஈரத்துணி மூடி வைத்திருந்த பூவை விரலால் துழாவினாள். அடியில் வேறொரு சின்னப் பொட்டலம், இலைக்கிழிசலில் தனியாக மடித்து, நாரால் கட்டியது. பிரித்தாள். கட்டிய மல்லிச்சரம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தைப்பதற்கு உதிரி மொட்டுதானே கேட்டோம், இது என்ன? அவள் கை நின்றது. இப்படித் தனியாகக் கட்டிய சின்னச் சரத்தை அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரின் முன்பெட்டியில், பஞ்சர் கடைச் சீட்டுக்கும் பழைய கைக்குட்டைக்கும் நடுவில், இதைவிடவும் குட்டியாக ஒன்று காய்ந்து சருகாகிக் கிடந்ததைப் போன வருஷம் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் வேண்டுமென்றே பார்க்க ஆரம்பித்தாள், அநேகமாக வாரத்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்கு அரளியும் செவ்வந்தியும் வாங்கி வருகிறவன் அவன்தான். மல்லி யாருக்கு? ஒரு பெண்டாட்டி நினைக்க வேண்டியதை அவளும் நினைத்துப் பார்த்தாள். நினைத்தபோது வர வேண்டிய ஆத்திரம் வராததையும் குறித்துக்கொண்டாள். அவளை உறுத்தியது வேறு: அவ்வளவு சின்னச் சரம் எந்தப் பொம்பளை தலைக்குக் காணும்? முடி கொட்டிப்போனவளா, பாப் வெட்டியவளா? அலுவலகத்தில் ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு கணக்கு அதிகாரி இருப்பதாக அவன் சொன்னதுண்டு. அந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது, நடக்கும்போது மூச்சு வாங்கும். அதோடு அந்த விசாரணையைக் கைவிட்டிருந்தாள்.

"ஏட்டி, இது என்ன?" சரத்தை மகளின் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

தர்ஷினி தலையைத் திருப்பப் போனாள், ஊசி தடுத்தது. கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். "கொசுறும்மா."

"கொசுறுன்னா இதோட சேத்துப் போட மாட்டாளா? தனியா என்னத்துக்குக் கட்டிக் குடுத்திருக்கா?"

"செல்லக்கனி அத்தை அப்படித்தான் குடுப்பாவ."

செல்லக்கனி என்பது மார்க்கெட் முக்கில் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கிற பூக்காரி. ஆவுடை அவளைத் தாண்டிப் போக வேண்டாம் என்று சுற்றுவழியில் போகிறவள்.

"யாருக்குக் குடுக்கா?"

"தங்கச்சிக்கு" என்றாள் மகள், பாதத்தைப் பார்த்துக்கொண்டு.

வந்துவிட்டது. தோள். ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி. தோளிலிருந்து காதுக்கு ஏறியது. கையில் ஊசி இருந்தது, முன்னால் பிள்ளையின் கழுத்து. யார் அந்தப் பூக்காரி? அவளிடம் யார் சொன்னது? வீட்டுக்குள் ஒரு நாளும் வாய் திறக்காத மனிதன் மார்க்கெட் முக்கில் நின்று என்ன பேசினான்? ஊசியை வாழைமட்டையில் ஆழமாகக் குத்தி விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கை போனால் வாய் வரும். வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது ஒரு கேள்வி.

"அப்பாவா சொன்னாவ?"

"அப்பா ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்." பிள்ளை இப்போது வேகமாகப் பேசினாள், தடுத்துவிடுவார்களோ என்ற வேகம். "நீ ஆஸ்பத்திரில இருக்கும்போது நாங்க தெனமும் பூ வாங்கப் போவோம்லா. அத்தை கேட்டாவ, என்ன வீட்டுல விசேஷமா, ரெண்டு நேரமும் மல்லி வாங்குதியன்னு. அப்பா பேசாம நின்னாவ. நான் வண்டி முன்னால நின்னுக்கிட்டிருந்தேன். எங்கம்மாவுக்குப் பாப்பா பொறந்திருக்குன்னு சொன்னேன். பையனா பிள்ளையான்னு கேட்டாவ. தங்கச்சின்னேன். அப்பந்தான் கொசுறு குடுத்தாவ, அக்காக்காரிக்குன்னு."

ஆவுடை அந்த வாக்கியங்களைப் பரீட்சைத் தாள் திருத்துகிறவளாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அம்மாவுக்குப் பாப்பா பிறந்திருக்கிறது. சரி. தங்கச்சி. சரி. ஒரு சொல் பொய் இல்லை. மார்க் குறைக்க இடமே இல்லை.

"பொறவு?"

"பொறவு எப்பம் போனாலும் தங்கச்சிக்குன்னு கொசுறு குடுத்துட்டுக் கேப்பாவ. பாப்பா கவுந்துட்டாளா, பல்லு மொளச்சிட்டான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு பல்லுன்னேன். எங்க மிஸ் வீட்டுப் பாப்பாவுக்கு ரெண்டு பல்லு இருந்துச்சு. அப்புறம் நடக்காளான்னு கேட்டாவ. நடக்கா, ஆனா விழுந்துருவான்னேன். மொட்டை எங்க போட்டியன்னு கேட்டாவ."

"எங்க போட்டோம்?"

கேட்ட பிறகுதான் அந்த "போட்டோம்" ஆவுடையின் காதில் விழுந்தது.

"திருச்செந்தூர்லன்னு சொன்னேன். நல்லா அழுதான்னேன். மொட்டை போட்டதுனால முடி இல்லைல்லா, அதான் அத்தை இத்தனை நாளும் குட்டியாக் குடுத்தாவ. இப்பம் முடி வளந்திருக்குன்னு சொன்னேன். இன்னைக்குத்தான் இம்புட்டு நீளம்."

இரண்டாவது மகளுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கி, காற்றுக் கடற்கரையில் அது வீறிட்டு அழுது, முடி வளர்ந்தும்விட்டது. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவுடைக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அது விசேஷத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரர்கள்மேல் வருகிற கோபம், கூடவே என்ன சமைத்தார்கள், யார் யார் வந்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற கோபம். மூன்று வருஷமாக ஒரு குடைக்கடியில், அரளிக்கும் கோழிக்கொண்டைக்கும் நடுவில், ஈரச் சாக்கின்மேல், அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இவள் சுற்றுவழியில் போயிருக்கிறாள்.

"அந்தப் பூவெல்லாம் எங்கட்டி?"

"வண்டிப் பெட்டியிலதான் வைப்போம். உனக்கு மல்லின்னா தலைவலிக்கும்னு அப்பா சொல்லிட்டாவ. காஞ்சாக்கூட அப்பா தூரப் போட மாட்டாவ. அடுத்தது வந்தப்புறம்தான்."

முடி கொட்டிப்போனவள் யாரென்று தெரிந்துவிட்டது.

"அவளுக்குப் பேரு கேக்கலியா செல்லக்கனி?"

"கேட்டாவளே. பெனிட்டான்னு சொன்னேன்."

"பெனிட்டாவா!"

"எல்கேஜில எம் பக்கத்துல பெனிட்டா இருந்தால்லா? பூனை மூடி போட்ட வாட்டர்பாட்டில் வச்சிருந்தா. எனக்கு டக்குன்னு வேற பேரு வரல. அத்தை சிரிச்சாவ. இது வேதக்காரப் பேருல்லா, நீங்க திருநீறு பூசுத ஆள்களுல்லான்னு அப்பாட்ட கேட்டாவ."

"அப்பா என்ன சொன்னாவ?"

"பிள்ளைக்குப் பிடிச்ச பேருன்னாவ."

ஆவுடைக்குச் சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க நேரமில்லை. வயிற்றிலிருந்துதான் இருக்க வேண்டும். தன் மாமனார், மூன்று தலைமுறைத் தேவாரக்காரர், பேத்தி பெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற காட்சி வந்ததும் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, அது எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை. புறங்கையால் துடைத்தாள். புறங்கை முழுக்க மல்லிகை மணம். மூச்சை நிறுத்தப் போனவள், நிறுத்தாமல் இழுத்துப் பார்த்தாள். இதில் பால் இல்லை. வெறும் பூ.

அம்மா சிரித்ததில் தைரியம் வந்தது போலும், தர்ஷினி முக்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். முதுகைத் திருப்பாமலேதான் கேட்டாள்.

"எம்மா, காலையில உன்னாலதான்னு சொன்னேல்லா. பாலையா சொன்னே, பாப்பாவையா?"

சொல் போயிருக்கிறது. அடுத்த அறைக்குப் போய், அங்கே மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்றைத் தட்டி எழுப்பியிருக்கிறது. பாலைத்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பிள்ளை தலையாட்டும், நம்பாது. மூன்று வருஷம் பூக்காரியிடம் கதை சொன்னவளுக்குப் பொய் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

"பாப்பாவத்தான்" என்றாள் ஆவுடை. "ஆனா தப்பாச் சொல்லிட்டேன்ட்டி. கோவத்துல, நெசம் இல்லாததச் சொல்லிட்டேன்."

பின்னல் அசையவில்லை. "நான் எத்துனதுனாலயா?"

"என்னது?"

"அன்னைக்கு மழையில நீ என்னையத் தூக்கிட்டு வந்தேல்லா. பாப்பா உன் வயித்துக்குள்ள இருந்து எங்கால்ல எத்துச்சு. இங்கன." முழங்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். "ரெண்டு தடவ எத்துச்சு. நானும் எத்துனேன். மெதுவாத்தாம்மா எத்துனேன். விளையாட்டுக்கு."

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. நாலு வயசுப் பிள்ளையின் ஞாபகம் சாட்சியத்துக்கு ஆகாது என்று அறிவு ஒரு பக்கம் சொல்லிப் பார்த்தது. குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றைப் பார்த்து, பல்லைக் கடித்து நடந்தவளுக்கு அந்த எத்து ஞாபகமே இல்லை. கோபத்தில் நடந்தவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மழையில், தன் இடுப்பில், தனக்குத் தெரியாமல் இரண்டு பேர் விளையாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கையில் தொட்டவர் யாருமில்லை என்று நினைத்திருந்த குழந்தையை ஒருத்தி தொட்டிருக்கிறாள். தொட்டுவிட்டு, அதையே மூன்று வருஷமாக முதுகில் சுமந்துகொண்டு, பாலைக் கொட்டிக்கொண்டு, பூக்காரியிடம் பல் முளைக்க வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆவுடை முக்காலியைப் பிடித்து மகளைத் தன் பக்கம் திருப்பினாள். பாதி தைத்த சடை வாழைமட்டையோடு விறைத்துக்கொண்டு சுற்றி வந்தது.

"நல்லாக் கேட்டுக்கோ. வயித்துக்குள்ள பாப்பாவச் சுத்தித் தண்ணி இருக்கும், அதச் சுத்திப் பை இருக்கும். உன் எத்து அங்க போய்ச் சேரும்போது ஒரு கொசுகூடச் சாவாது. பாப்பாவுக்குச் சோறு வார கொடியில கோளாறு. அது முதல்லயே இருந்த கோளாறு. நான் தூக்கினதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. நீ எத்துனதுக்கும் கிடையாது. நீ நடக்க மாட்டேன்னதுக்கும் கிடையாது."

இது டாக்டர் சொன்ன பாடம். அவர் படம் போட்டுச் சொன்னபோது காதில் விழுந்தது. இப்போதுதான், சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோதுதான், அது புரிந்தது. வாத்தியார்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

"படம் போட்டுக் காட்டுதியா?"

"காட்டுதேன். ஆட்டம் முடிஞ்சு வந்து."

தர்ஷினி அவள் முகத்தை ஒரு நிமிஷம் ஆராய்ந்தாள், பிறகு தானாகவே முக்காலியோடு திரும்பி முதுகைக் கொடுத்தாள். "தைம்மா, நேரமாவுது."

மூன்று வரிசை ஓடியிருக்கும், சங்கரலிங்கம் பாவாடைப் பையோடு உள்ளே வந்தான். வந்தவன் ஆவுடையின் மடியில் கிடந்த சரத்தைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

"நான்தான்ப்பா சொல்லிட்டேன்."

அவன் பையை எங்கே வைப்பது என்று தெரியாதவனாக இரண்டு பக்கமும் பார்த்தான். ஆவுடை நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கே புதைத்தாய், எதற்குச் சொல்லவில்லை, தனியாக எத்தனை தடவை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாய் என்று ஒரு தாள் முழுக்கக் கேள்வி இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் சுலபமானதைக் கேட்டாள்.

"ஏங்க, சித்திரை கழிஞ்சா பெனிட்டாவ எல்கேஜில சேக்கணுமே. எந்தப் பள்ளிக்கூடம்னு யோசிச்சியளா?"

சங்கரலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கழற்றாததால் முகம் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பக்கத்துலதான் பாக்கணும்."

"ஏன், பஸ்ஸுல போனா என்ன?"

"அவ நடக்கவே மாட்டா. அக்காக்காரி மாதிரி. பக்கம்னா தூக்கிட்டுப் போயிரலாம்."

"நான் இப்பம் நடக்கேன்!" என்றாள் தர்ஷினி.

"நீ நடக்கட்டி, யாரு இல்லன்னா? தலைய ஆட்டாத." ஆவுடை இலையைத் துழாவினாள். மொட்டு தீர்ந்திருந்தது. யோசித்து யோசித்து வீணாக்கியது கடைசியில் காலை வாரிவிட்டது. பின்னலின் நுனியில் ஒரு சாணுக்கு மேல் வாழைமட்டை வெறுமனே தெரிந்தது. மடியில் கிடந்த சரத்தை எடுத்து வைத்து அளந்து பார்த்தாள். அளவெடுத்துக் கட்டினது போல இருந்தது.

"இதச் சேத்துத் தச்சிரவா?"

"அது தங்கச்சிக்கும்மா."

"ஆமா. அப்பம் அவட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுப்போமா?"

தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். சங்கரலிங்கம் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஆவுடை ஊசியை நூலோடு உயர்த்திப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு காத்திருந்தாள்.

"என்னட்டி சொல்லுதா?"

"இரும்மா. யோசிக்கா."